சொல்லக் கூசும் வீக்கமும் கேட்கத் தெரியாத மருத்துவமும்

தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்த ஒரு பாட்டி, வீட்டுப் பத்திரம் விசயமாகச் சென்ற ஆண்டு என் அலுவலகம் வந்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர். நாற்காலி போட்டும் உட்கார மறுத்தார். கூட வந்த பேரனை வெளியே அனுப்பிய பிறகுதான் காரணம் வந்தது. பிறப்புறுப்பு வீங்கி, தோல் தடித்து, நீர் கசிகிறதாம்.

"மருத்துவமனையில் சொன்னீர்களா பாட்டி?"

"அங்கயும் இவன்தாம்மா எனக்காக மலாய் பேசுறான். அவன் வாயால இத எப்படிச் சொல்லச் சொல்றது?"

ஒருமுறை தாதியிடம் ஜாடை காட்டியிருக்கிறார். சிறுநீர் பிரிய மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நிணநீர் வீக்கத்துக்கு அந்த மாத்திரை மருந்தே அல்ல!

இது மர்ம நோயா? இல்லை. இடுப்பு, தொடை இடுக்கு நிணநீர் முடிச்சுகளை வெட்டி எடுத்தாலோ, கதிர்வீச்சில் அவை கருகினாலோ, நீர் வடிய வழியின்றித் தேங்குகிறது. ஆண்களுக்கு விதைப்பை வீங்கும். சிறுநீர் கழிப்பதே பாடாகும். தோல் வெடித்த இடத்தில் கிருமி புகுந்தால் காய்ச்சல், மீண்டும் வீக்கம். புதிதாக வந்த வீக்கம் என்றால் புற்று திரும்பிவிட்டதா என்றும் பார்த்தாக வேண்டும். பார்க்காமலே மாத்திரை எழுதுவது என்ன மருத்துவம்?

யானைக்கால் புழு என்று சொல்லித் தப்பவும் முடியாது. நம் நாட்டில் பரவலான புருகியா மலாயி பெரும்பாலும் காலைத்தான் தாக்கும். விதைப்பையைத் தாக்குவது இந்தியாவில் மிகுந்த உச்செரேரியா பாங்க்ராப்டி. அங்கிருந்து வந்த தொழிலாளியிடம் கேட்கும் கேள்வி வேறு, நம் பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வித்தியாசம் வெளிநோயாளர் பிரிவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நிணநீர் வீக்கம் என்றாலே கையும் காலும்தான் என்று கற்றுக்கொடுத்தால் போதாது. கைக்குக் கட்டும் கட்டை விதைப்பைக்குக் கட்ட முடியாது. காலுக்குக் காற்றழுத்தக் கருவி மாட்டினால் நீர் பிறப்புறுப்புக்கு ஏறிவிடும் ஆபத்து உண்டு. தோல் பராமரிப்பு, மென்மையாக நீவி வடிக்கும் முறை, அளவெடுத்துத் தைத்த அழுத்த உள்ளாடை, எல்லாம் கையால் பழகிக் கற்க வேண்டியவை. அதைவிட முக்கியம், நோயாளியின் மானம் காத்து, அனுமதி கேட்டு, திரை இழுத்து, தாம்பத்தியம் பற்றியும் கூசாமல் கேட்கப் பழகுவது. மொழி தெரியாவிட்டால் பேரப்பிள்ளையைக் கூப்பிடாதீர்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை வையுங்கள்!

இது கருணைக் கோரிக்கை அல்ல. சிகிச்சையின் முக்கிய ஆபத்துகளை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்வது மருத்துவரின் கடமை என்று கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2017இலும் அதையே உறுதி செய்தது. இப்படி ஒரு வீக்கம் வரும் என்றே படிக்காதவர் எதைச் சொல்லி எச்சரிப்பார்? பாட்டி கைநாட்டு வைத்த ஒப்புதல் தாளுக்கு என்ன மதிப்பு?

சட்டத்தில் வழியும் இருக்கிறது. 1971 மருத்துவச் சட்டம் 2012இல் திருத்தப்பட்ட பிறகு, ஆண்டுச் சான்றிதழைப் புதுப்பிக்க மருத்துவர் தொடர்கல்விப் புள்ளிகள் காட்ட வேண்டும். இயன்முறை சிகிச்சையாளர்களைப் பதிவுக்குள் கொண்டுவர 2016இல் தனிச் சட்டமே வந்தது. அந்தப் புள்ளிகளில் சிலவற்றை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்கச் சுகாதார அமைச்சுக்கு எது தடை? புற்றுநோய்ப் பிரிவுத் தாதியரிடமிருந்தாவது தொடங்கட்டுமே.

பாட்டிக்கு அடுத்த மாதம் மறுபரிசோதனை. பேரன் பள்ளிக்குப் போகட்டும். நான் கூடப் போகிறேன்.