புதிய சாரதியும் உறைகுளிர்ப் பாரமும்

காவிரிப் படுகையின் எரிவாயுவோடு நெடுநாள் பழகிய ஊர் குத்தாலம். பக்கத்து மருதூரில் அவ்வாயுவைக் கொண்டே 101 மெகாவாட் மின்நிலையம் நிறுவப்பட்டிருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய திரவப் பிராணவாயுவும், ஈச்சங்கோட்டை போன்ற உறைவிந்து நிலையங்களுக்கு வேண்டிய திரவ நைட்ரஜனும் குழாயில் வருவன அல்ல. நம்முடைய குறுகிய சாலைகளில் டேங்கர் லாரியில் வருவன. நெல்லும் உரமும் ஏற்றிப் பழகிய டெல்டாப் பிள்ளைகள் அந்த லாரிகளுக்கு வரத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில், அவர்களுடைய முதல் சில மாதங்களை நாம் எவ்விதம் நடத்துகிறோம் என்பதைப் பற்றி, உரிமையாளர்களாகிய நம் வாசகர்களிடம் சற்று வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது.

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9-ஆம் விதி, அபாயகரமான சரக்கை ஏற்றும் வண்டியின் சாரதி ஓர் இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்க அறிந்திருக்க வேண்டும் என்றும், மூன்று நாள் பயிற்சியில் தேறியிருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. 2021 மே மாதத்தில், தேசம் முழுவதும் பிராணவாயுவுக்குத் தவித்தபோது, உடனடியாக 500 பேரையும் இரண்டு மாதங்களுக்குள் 2500 பேரையும் இவ்வேலைக்குத் தயார்செய்ய மத்திய போக்குவரத்து அமைச்சகம் முனைந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நெருக்கடியில் அது நியாயமே. நெருக்கடி நீங்கிய பின்பும், சான்றிதழைக் கையில் வாங்கிய மறுவாரமே ஒருவனைத் தனியே லோடோடு அனுப்பிவிடுவது எவ்விதத்திலும் நியாயமாகாது.

ஏனெனில் அந்த மூன்று நாளில் சொல்லித்தர முடியாத விஷயங்களே இத்தொழிலில் அதிகம். பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் பிராணவாயு, ஆவியானால் ஏறக்குறைய 860 லிட்டராக விரியும். ஃபிளாஸ்க்கைப் போல இரட்டைச் சுவரும், இடையே பெர்லைட் தூளும் வெற்றிடமுமாக அமைந்த தொட்டிக்குள்ளும் வெப்பம் சிறிது சிறிதாகப் புகுந்துகொண்டே இருப்பதால், நிறுத்திய வண்டியிலும் பிரஷர் ஏறும். ஏறினால் வால்வு திறந்து ஊதும். முதல்முறை அந்தச் சீற்றத்தைக் கேட்டவன், "அண்ணே, இது ஊதுறது சரிதானா?" என்று கேட்க அருகில் ஒருவர் வேண்டும். இறக்கும்போது குழாயின்மேல் பனி படர்வது இயல்பு. வெளித்தொட்டியின் ஓரிடத்தில் மட்டும் பனி பூத்தாலோ நீர் வியர்த்தாலோ அங்கே வெற்றிடம் கெட்டிருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். ஈரம் மிகுந்த நம் மார்கழிக் காற்றில் வெண்புகை அடர்ந்து கிளம்பும். அது காற்றிலுள்ள நீராவி உறைந்த தோற்றமேயன்றி வாயுவின் எல்லை அன்று. வாயுவோ குளிர்ந்து கனத்து, கண்ணுக்குத் தெரியாமல் அப்பாலுள்ள வாய்க்காலிலும் பள்ளத்திலும் இறங்கி நிற்கும்.

அறுவடைக் காலத்தில் இந்தச் சாலைகளின் பாதி அகலத்தில் நெல் காய்கிறது. ஓரமெங்கும் வைக்கோல் கிடக்கிறது. பிரஷர் ஏறிய வண்டியை அந்த வைக்கோலருகே நிறுத்தி ஊதவிடுவது எத்தகைய விபரீதம் என்பதை, நெல் லாரியில் வளர்ந்த இளைஞன் தானாக உணர்வான் என்று எதிர்பார்க்க இயலாது. தார்ச்சாலையில் திரவப் பிராணவாயு சிந்தி ஊறினால் அந்த இடத்தில் ஒரு மிதியோ ஓர் அடியோ வெடிப்பை உண்டாக்கலாம். இணைப்பில் பட்ட சொற்ப கிரீஸும் தீக்குக் காரணமாகலாம். தோளில் கிடக்கும் துண்டு பிராணவாயுவை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், வண்டியைவிட்டு வெகுதூரம் நடந்துபோய்ப் பீடி பற்றவைத்தாலும் தீ அந்தத் துண்டிலேயே பிடிக்கும். இவற்றைத் தவிர, பாதி லோடு என்ற தனிச் சங்கடமும் உண்டு. ஓர் ஆஸ்பத்திரியில் பாதியை இறக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போகும்போது, தொட்டியினுள் திரவம் அலைமோதி, வாய்க்கால் பாலத்தை ஒட்டிய வளைவில் வண்டியை அந்த அலை போகும் பக்கமே தள்ளும். நிறைந்த லோடைவிட இது பொல்லாதது என்று மூத்த சாரதிகள் சொல்வது முற்றிலும் உண்மை.

இறக்கும் இடத்தைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் 21-ஆம் தேதி நாசிக் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், டேங்கரிலிருந்து தொட்டிக்கு நிரப்பும் வேளையில் ஏற்பட்ட கசிவால் வார்டுகளுக்குப் போகும் வாயு தடைப்பட்டு, 20-க்கும் மேற்பட்ட நோயாளிகள் உயிரிழந்தார்கள். நம்முடைய ஹோஸின் மறுமுனையில் யார் படுத்திருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. இரண்டு வால்வுகளை அடைத்து நடுவே திரவத்தைச் சிறைப்படுத்தலாகாது என்பதையும், தொட்டியின் பலகையில் பிராணவாயு என்று வாசித்த பிறகே இணைப்பைத் தொட வேண்டும் என்பதையும், நடுநிசியில் களைத்து வந்து சேர்ந்தவனுக்கு நினைவூட்ட இன்னொரு குரல் அவசியம்.

ஆகவே, புதியவன் முதலில் காலி வண்டியிலும், பிறகு நிறைந்த லோடிலும், கடைசியாகவே பாதி லோடிலும், பகல் வேளைகளில், அனுபவஸ்தர் ஒருவரோடு போக வேண்டும். சந்தேகம் வந்த இடத்தில் வண்டியை நிறுத்தி நேரம் கடத்தியதற்காக அவனுக்கு ஒரு பைசாவும் பிடித்தம் கூடாது. இதை ஏற்கும் உரிமையாளர்களும், செலவு என்று வரும்போது தயங்குகிறார்கள். இரண்டு பேர் போகும் டிரிப்பில் ஒருவர் பேட்டாவை இருவருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருப்பது நமக்குத் தெரியும். பங்கு குறைந்தவர் மனமுவந்து கற்றுக்கொடுப்பார் என்று எண்ணுவது பேதைமை. கற்பிக்கும் மூத்தவருக்கு முழுப் பேட்டாவும், கற்கும் இளையவனுக்கு முழுப் பேட்டாவும் உரிமையாளர் கணக்கிலிருந்தே வழங்கப்பட வேண்டும். வாடகை பேசும்போதே இச்செலவையும் சேர்த்துப் பேச வேண்டும்.