பஸ்கா யாருடைய பண்டிகை?



வார நாள்களில் தமிழ்ப்பள்ளியில் கற்பிக்கும் நான், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் திருச்சபையின் சிறுவர் வகுப்பையும் நடத்தி வருகிறேன். 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறன்று, லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் வரும் பண்டிகைகளை வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். பஸ்கா, வாரங்களின் பண்டிகை, எக்காளப் பண்டிகை, பாவநிவிர்த்தி நாள், கூடாரப் பண்டிகை. "யூதர்கள் இவற்றைக் கொண்டாடினார்கள்" என்று கூறி முடித்தேன். எட்டு வயது மாணவி ஒருத்தி கையை உயர்த்தி, "டீச்சர், அவர்கள் எல்லாரும் இறந்துவிட்டார்களா?" என்று கேட்டாள்.

இறந்தகாலம், நிகழ்காலம் என்று ஆண்டுதோறும் இலக்கணம் கற்பிப்பவள் நான். என் வாயிலிருந்து வந்த ஒரே வினைமுற்று ஒரு மக்களினத்தையே அக்குழந்தையின் மனத்தில் மறையச் செய்துவிட்டது. அண்டை நாடான சிங்கப்பூரின் வாட்டர்லூ சாலையில், கிருஷ்ணன் கோயிலும் சீனர்களின் குவான் இம் கோயிலும் இருக்கும் அதே தெருவில், 1878-இல் திறக்கப்பட்ட யூதர் தொழுகைக்கூடம் இன்றும் இருக்கிறது. பஸ்கா நமது வேதாகமத்தில் மட்டும் நடக்கும் பண்டிகை அன்று.

அதே ஆண்டு, பெரிய வியாழனாகிய மார்ச் 28 இரவு, சபையில் பஸ்கா விருந்து ஒன்றை நடத்தலாம் என்று இளைஞர் குழுவினர் முன்மொழிந்தனர். இணையத்திலிருந்து ஒரு வழிகாட்டியையும் எடுத்து வந்திருந்தனர். புளிப்பில்லா அப்பம் மூன்றும் திரித்துவம். அவற்றுள் நடு அப்பத்தை உடைத்து, ஒரு துண்டை ஒளித்துவைத்துப் பின் தேடி எடுப்பது கிறிஸ்துவின் மரணமும் உயிர்ப்பும் என்று அதில் எழுதியிருந்தது. ஆர்வத்தைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் நான் மறுப்புத் தெரிவித்தேன்.

நாள்காட்டியிலேயே முதல் சிக்கல் இருந்தது. அவ்வாண்டு யூதர்களுக்குப் பதின்மூன்று மாதங்கள் கொண்ட ஆண்டு. அவர்களின் பஸ்கா ஏப்ரல் 22 மாலையில்தான் தொடங்கியது. ஏறக்குறைய நான்கு வாரம் முன்னதாக, அவர்கள் பண்டிகையை அவர்கள் இல்லாமலே நாம் கொண்டாடவிருந்தோம். இந்த இடைவெளி தற்செயலானதும் அன்று. ஈஸ்டர் நாளை யூதர்களின் கணக்கைச் சாராமல் நாமே குறிப்பது என்பது கி.பி. 325-இல் நிசேயா சங்கத்தில் எடுக்கப்பட்ட முடிவு.

அடுத்தது வரலாறு. பஸ்கா ஆடு எருசலேம் ஆலயத்தில் பலியிடப்பட்டது. கி.பி. 70-இல் உரோமர்கள் ஆலயத்தை அழித்தனர். பலிக்கு இடமில்லாமற்போன பின்னர், வீட்டு மேசையைச் சுற்றி யூத அறிஞர்கள் படிப்படியாக வளர்த்தெடுத்த வழிபாட்டு ஒழுங்கே இன்றைய 'சேதர்' விருந்து. சேதர் என்ற சொல்லுக்கே ஒழுங்கு என்றுதான் பொருள். கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் அதன் அடிப்படை வடிவத்தைக் காண்கிறோம். எனவே, "இயேசு உண்டபடியே நாமும் உண்போம்" என்று கூறி இவ்விருந்தை நடத்துவது தவறு. கடைசி இராப்போஜனம் பஸ்கா விருந்துதானா என்பதிலேயே நற்செய்திகள் வேறுபடுகின்றன. முதல் மூன்றும் ஆம் என்கின்றன; யோவானோ சிலுவை மரணத்தைப் பஸ்காவுக்கு ஆயத்தமாகும் நாளில் வைக்கிறார்.

அந்த விருந்தின் உண்மையான சிறப்பு ஆசிரியர்கள் அறிய வேண்டியது. வீட்டின் ஆக இளைய பிள்ளை, இந்த இரவு ஏன் மற்ற இரவுகளிலிருந்து வேறுபடுகிறது என்று கேட்டால்தான் பெரியவர்கள் எகிப்தின் அடிமைத்தனத்தைப் பற்றிய கதையைத் தொடங்குவார்கள். அதைத் தொடர்ந்து நான்கு பிள்ளைகளைப் பற்றிய பகுதி வரும்: அறிவாளி, பொல்லாதவன், எளியவன், கேட்கத் தெரியாதவன். யாத்திராகமத்திலும் உபாகமத்திலும் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி வரும் நான்கு இடங்களிலிருந்து இப்பகுதி பிறந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விடை. பொல்லாதவனுக்குச் சொல்லப்படும் விடை மிகக் கடுமையானது; ஆசிரியை என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால், கேட்கத் தெரியாத பிள்ளைக்கு, அவன் கேட்கும்வரை காத்திராமல் நீயே தொடங்கு என்கிறது அம்மரபு. என் வகுப்பில் முப்பது பேர் இருந்தால் இருபது பேர் இந்த நான்காவது பிள்ளைகள்தாம். பயிற்சிக் கல்லூரியில் மாணவர் வேறுபாடு குறித்து நான் படித்த எதுவும் இவ்வளவு சுருக்கமாக இருந்ததில்லை.

"இயேசுவே யூதர்தானே? அவர் கொண்டாடியதை நாம் ஏன் கொண்டாடக் கூடாது?" என்று சபைப் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பன்னிரண்டு வயதில் இயேசு ஆலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து வினாக்கள் கேட்டது ஒரு பஸ்கா பயணத்தின்போதுதான் என்கிறார் லூக்கா. பரிசுத்த ஆவி இறங்கிய நாளில் எருசலேமில் மக்கள் கூடியிருந்தது வாரங்களின் பண்டிகைக்காக. இவற்றை அறியாமல் புதிய ஏற்பாட்டைப் படிப்பது அரைகுறைப் படிப்பு. பாவநிவிர்த்தி நாளையே எடுத்துக்கொள்வோம். எபிரெயர் நிருபத்தைக் கொண்டு, அது கிறிஸ்துவில் நிறைவேறி முடிந்தது என்று மட்டும் கற்பிக்கிறோம். ஒருவர் மற்றொருவருக்குச் செய்த தீங்கை, அவரிடமே சென்று சமாதானமாகும்வரை அந்த நாள்கூட நீக்காது என்கிறது மிஷ்னா. காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்ன இயேசுவின் போதனை இதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது! இதைக் கற்க நாம் எவருடைய விருந்தையும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மேலும், நம் கைகள் தூய்மையானவை அல்ல. 386, 387-ஆம் ஆண்டுகளில் அந்தியோகியாவில், யூதர் பண்டிகைகளுக்குச் சென்ற கிறிஸ்தவர்களைக் கண்டித்து யோவான் கிறிசோஸ்தோம் ஆற்றிய உரைகள் யூதர்களையே இழிவுபடுத்தின. 1144-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஒரு சிறுவன் இறந்ததை ஒட்டி யூதர்கள்மேல் சுமத்தப்பட்ட பொய்ப்பழி, பின்னர் பஸ்காவுக்காகக் கிறிஸ்தவச் சிறுவரின் இரத்தத்தை எடுக்கிறார்கள் என்ற வதந்தியாக வளர்ந்தது. 1903-இல் கிஷினேவ் நகரில் அத்தகைய வதந்தியைத் தொடர்ந்து, ஈஸ்டர் ஞாயிறன்று தொடங்கிய கலவரத்தில் 49 யூதர்கள் கொல்லப்பட்டனர். இயேசுவின் மரணப் பழியை யூதர் அனைவர்மீதும் சுமத்துவது தவறு என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல்தான் முறையாக அறிவித்தது. சேதர் விருந்தைக் கிறிஸ்தவச் சடங்காக மாற்றுவது தவறு என்று அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் குழு 1988-இல் அறிவுறுத்தியது. நாங்கள் சீர்திருத்தச் சபையினர். எனினும், அந்த அறிவுரை எங்களுக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

(இஸ்ரேல் அரசின் செயல்களைப் பற்றிய கருத்து வேறு, ஒரு சமயத்தாரின் பண்டிகை வேறு. நம் நாட்டில் இவ்விரண்டும் எளிதில் குழப்பப்படுவதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.)

யூதக் குடும்பம் ஒன்று தங்கள் மேசைக்கு அழைத்தால் மகிழ்ச்சியோடு போகலாம். அங்கே நாம் விருந்தினர். அவ்வாண்டு எங்கள் சபையில் விருந்து நடைபெறவில்லை. இளைஞர் சிலருக்கு என்மேல் சிறு வருத்தம் உண்டு.

ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை, வகுப்பில் யாத்திராகமம் 12-ஆம் அதிகாரத்தை வாசித்தோம். "நாளை மாலை யூதர்கள் பஸ்கா கொண்டாடுகிறார்கள்" என்று, இம்முறை நிகழ்காலத்தில், பலகையில் எழுதினேன். ஆக இளைய பிள்ளைதான் வினா எழுப்பும் என்றதும், அதே மாணவி மீண்டும் கையை உயர்த்தினாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கேட்கத் தெரியாவிட்டால், டீச்சர்?"

நான்காவது பிள்ளையைப் பற்றி அவளுக்குச் சொன்னேன்.