உப்புச்சிமிழிற் கடற்றெய்வம்

மேசையில் உப்பும் மிளகும் வைப்பதற்கு நமக்கு இரண்டு சிறு கிண்ணங்கள் போதும். பிரான்சிய மன்னன் முதலாம் பிரான்சிஸ் அதற்கொரு பொற்கலம் செய்வித்தான். இத்தாலியப் பொற்கொல்லர் பென்வெனுத்தோ செல்லினி 1540 முதல் 1543 வரை உழைத்து முடித்த அக்கலம், இன்று வியன்னா அரும்பொருட்சாலையில் உள்ளது. 2003-இற் களவுபோய், 2006-இற் காட்டினுட் புதைக்கப்பட்டிருந்த இடத்திலிருந்து மீண்டது.

ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட உயரமுடைய அதன்மேல் இருவர் எதிரெதிரே சாய்ந்திருக்கின்றனர். முத்தலைச் சூலந் தாங்கியவன் உரோமர் புராணத்துக் கடற்றெய்வமாகிய நெப்தியூன். (சூலமென்றதும் நமக்குச் சிவபெருமானே நினைவுக்கு வருவார்.) அவனருகே உப்பிடுவதற்கு ஒரு சிறு கப்பல். எதிரே நிலமகள், அவளருகே மிளகிடுவதற்கு ஒரு சிறு கோயில். மிளகோ நம் கடல்வழியே அங்கு சென்ற சரக்கு! இருவர் கால்களும் பின்னிக் கிடக்கின்றன. கடல் நிலத்துட் புகுதலையும், நிலம் கடலுள் நீளுதலையும் அவ்வாறு காட்டியதாகச் செல்லினியே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். கடனீரேரிகளுக்கிடையே வாழும் யாழ்ப்பாணத்தவருக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இதன் மாதிரியைச் செல்லினி முதலிற் செய்தது கர்தினால் இப்பொலித்தோ தெஸ்தேயின் பொருட்டு. கத்தோலிக்கத் திருச்சபைப் பெரியார் ஒருவரின் மேசைக்கு உரோமரின் பழந்தெய்வம் எவ்வாறு வரலாயிற்று? அத்தெய்வத்துக்கு விளக்கேற்றுவார் ஆயிரம் ஆண்டுகளாக எவரும் இலர். அஃது அழகுப்பொருளாகிவிட்டது, ஆதலால் எவருக்கும் அச்சமில்லை.

அதே காலத்தில், 1541 அளவில், கோட்டை அரசன் புவனேகபாகு லிஸ்பனுக்கு ஒரு தந்தப்பேழை அனுப்பினான். போர்த்துக்கேய மன்னன் சிங்கள இளவரசனுக்கு முடிசூட்டும் காட்சியை நம் நாட்டுச் சிற்பியர் அதிற் செதுக்கியிருந்தனர். ஐரோப்பிய அரசர் அதனைப் பொக்கிஷமாகக் காத்தனர். இன்றும் மியூனிக் நகரிற் காணலாம். ஆனால், 1619-இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தபின், 1621-இல், போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்துத் தரைமட்டமாக்கினான். தந்தத்திற் செதுக்கிய கலை உவப்பாயிற்று. பூசை நடக்குங் கருங்கல் பகையாயிற்று. இன்றைய கிறிஸ்தவ அன்பர்களைக் குறைகூறுவதன்று நம் கருத்து. அக்கால ஆட்சியின் போக்கு அது.

நல்லூர்க் கோயில் மீண்டும் எழுந்தது ஒல்லாந்தர் காலத்தில், 1734-இல்.

நம்மூர்த் தேர்களின் அடித்தட்டுக்களிலும் புராணக் கதைகள் மரத்திற் செதுக்கப்பட்டிருக்கின்றன. தேரோடும் நாளில் வடத்தின் நெருக்கத்தில் அவற்றைக் காணவியலாது. முதல்நாள் மாலையே தேர்முட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, எந்த உருவம் எந்தக் கதைக்குரியதென்று கேட்டுப் பாருங்கள்.