பழுதுபார்ப்பவருக்கும் ஒரு பங்கு

ஐம்பதாண்டு கடந்த வாகனங்கள் அசல் உருவம் மாறாதிருந்தால் அவற்றுக்குத் தனிப்பதிவு உண்டென்று 2021-இல் மத்திய அரசு வகுத்த விதியை வரவேற்ற நாம், அவ்வசல் தன்மையைக் காத்துத்தரும் மெக்கானிக்குகளை மறப்பது நியாயமன்று. மும்பையின் செம்பூர்ப் பட்டறையொன்றில், பழைய அமெரிக்கக் காரின் பவர் ஸ்டியரிங் பம்ப்பைப் பிரித்த முதியவர், ரோட்டரின் பள்ளங்களிலிருந்து மெல்லிய தகடுகளை ஒவ்வொன்றாக உருவி, வளையத்தை உரசும் உருண்டை முனை திசைமாறாதபடி வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்த சிரத்தையைக் கண்டு நின்றேன். கசிவுக்குக் காரணம் இறுகிப்போன ஆயில் சீல் ஒன்றே. பம்ப்பைத் தூக்கியெறிய அவசியமில்லை. குர்லாவில் பிறந்த பத்மினி டாக்ஸிகள் 2023-இல் விடைபெற்றபோது கண்கலங்கிய இந்நகரம், இவ்வித்தையை ஐ.டி.ஐ. மாணவருக்குக் கற்பிக்க இத்தகைய மெக்கானிக்குகளையே ஊதியத்தோடு அழைக்க வேண்டும். அம்முதியவரிடம் இன்று ஒரு சிஷ்யன்கூட இல்லை.