பட்டா மெட்ராஸில், வயல் இங்கே

2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் பிரதமர் பிஎம் கிசான் திட்டத்தின் 21-ஆவது தவணையை விடுவித்தார். நாடு முழுக்க சுமார் 9 கோடி விவசாயிகளுக்கு 18,000 கோடி ரூபாய்; ஆளுக்கு 2,000. பணம் யார் கையும் படாமல் நேராக வங்கிக் கணக்கில் ஏறுவது நல்ல காரியம். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. என் ஆற்றாமை வேறு.

குடவாசல் பக்கத்தில் ஒரு பெரியவர் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறார். "பணம் ஏறிடுச்சா பெரியப்பா?" என்று கேட்டேன்.

"நமக்கு எப்படித் தம்பி ஏறும்? பட்டா மெட்ராஸ்ல இருக்கு. வயலுதான் இங்க கிடக்கு."

விதை, உரம், நடவுக் கூலி, அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் அவர் கைக்காசு. ஆனால் விதிப்படி நில ஆவணத்தில் பெயர் உள்ள குடும்பத்துக்குத்தான் பணம். அந்த நிலக்காரர் வருமான வரி கட்டுகிறவராக இருந்தால் அவருக்கும் கிடையாது. அப்படியானால் விளைகிற அந்த ஆறு மாவுக்குப் பணம் வாங்க ஆளே இல்லை என்றாகிறது!

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயின் தஞ்சாவூர் நூலை இங்கே இழுக்கிறேன். 1961-62இல் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தங்கி, அதற்கு ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து, 1965இல் அவர் வெளியிட்ட ஆய்வு அது. நிலம் உடையவர்கள் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் ஊரை விட்டுப் போவதையும், உழுகிறவர் வேறு, உடையவர் வேறு என்று கிராமம் பிரிந்து கிடப்பதையும் அவர் வீடு வீடாகப் பார்த்து எழுதினார். அறுபது ஆண்டுக்கு முன்பே அச்சில் வந்துவிட்ட உண்மை இது. 2019இல் டில்லியில் பிஎம் கிசான் விதி எழுதியவர்கள் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது என்று 1955இலேயே பாதுகாப்புச் சட்டம் வந்தது. அவர் பெயரை ஆவணத்தில் ஏற்ற 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. ஆனால் பெயர் ஏறினால் நிலம் திரும்பாது என்ற பயத்தில் நிலக்காரர்கள் வாய்ப்பேச்சோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பதிவு கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று சாகுபடி செய்கிறவரும் கேட்பதில்லை. பெரியவர் தன் பேரனின் பழைய கணக்கு நோட்டைக் காட்டினார். ஒவ்வொரு அறுப்புக்கும் அளந்த குத்தகை நெல், மூட்டைக் கணக்கில், பென்சிலில். ஒரு பக்கத்திலும் நிலக்காரர் கையெழுத்து இல்லை. வெள்ளத்தில் பயிர் போனாலும் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோனாலும் அந்த நோட்டு செல்லாது.

தனியார் நிலத்தில்தான் இந்தச் சிக்கல் என்று சொல்லலாம். கோயில் நிலத்துக்கு என்ன பதில்? அறநிலையத் துறையின் கீழ் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல் இருக்கிறது. டெல்டாவில் கோயில் குத்தகை பரவலானது. யார் குத்தகைக்காரர் என்பது கோயில் பதிவேட்டிலேயே இருக்கிறது, ரசீதும் போடுகிறார்கள். பட்டா சுவாமி பேரில் இருப்பதால் அவர்களுக்கும் இந்தப் பணம் இல்லை. ஒடிசாவின் காலியா உழவர் உதவித் திட்டம் பங்கு சாகுபடிக்காரரையும் நிலமற்றவரையும் சேர்த்துக்கொண்டதே!

மாநில அரசு மத்திய விதி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். சம்பா சாகுபடிக் கணக்கான அடங்கலை எழுதும்போது கோயில் நிலத்தில் சாகுபடி செய்கிறவர் பெயரைச் சேர்த்து எழுதி, பிஎம் கிசான் ஆண்டுக்குத் தருகிற அதே 6,000 ரூபாயை ஆண்டுதோறும் தன் நிதியிலிருந்து அவர் கணக்கில் போடட்டும்.