பராமரிக்கும் தாயை யார் பராமரிப்பது?



சுகமில்லாத பிள்ளையொன்றைப் பார்க்கப் போனால் நாம் முதலில் கேட்பது, "பிள்ளைக்கு இப்போது எப்படி?" என்பதுதான். மருந்து, சாப்பாடு, காய்ச்சல் எல்லாம் விசாரிப்போம். பக்கத்தில் நிற்கும் உம்மாவிடம், "நீங்கள் கடைசியாக எப்போது நிம்மதியாகத் தூங்கினீர்கள்?" என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

புற்றுநோய், இரத்த நோய் போன்ற கடும் நோயுள்ள பிள்ளையின் வீட்டில் நோயாளி ஒருவர்தான். நோயைச் சுமப்பவர்களோ எல்லோரும். தாய் இரவில் பிள்ளையின் மூச்சையே கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள். தகப்பன் லீவுக்கும் செலவுக்கும் அலைவார். இருவரும் பேசிக்கொள்வது மருந்து நேரமும் கிளினிக் திகதியுமாகவே இருக்கும். சுகமாக இருக்கும் மற்றப் பிள்ளை, தனக்குத் தலைவலி என்று சொல்லவும் தயங்கி ஒதுங்கிவிடும்.

இந்தப் பாரத்தைச் சற்று இறக்கி வைக்க வழி செய்தவர்களுள் ஒருவர் அமெரிக்க நடிகர் போல் நியூமன். 1988 இல் கனெக்டிகட் மாநிலத்தின் அஷ்போர்ட் என்ற ஊரில், கடும் நோயுள்ள சிறுவர்களுக்கென ஒரு முகாமை அவர் தொடங்கினார். கட்டணம் கிடையாது. அதே வழியில் 1994 இல் அயர்லாந்தின் கில்டேர் பகுதியில், பழைய கோட்டையொன்றில் 'பரெட்ஸ்டவுன்' முகாம் ஆரம்பமானது. 1999 இல் பிரித்தானியாவில் 'ஓவர் த வோல்' என்ற அமைப்பு தோன்றியது. நியூமன் 2008 இல் காலமானார். ஆனால் அவர் தொடங்கிய பணி இன்றும் பல நாடுகளில் தொடர்கிறது.

அங்கே பிள்ளைகள் படகோட்டுகிறார்கள், அம்பு எய்கிறார்கள், பாடி ஆடுகிறார்கள். "இதெல்லாம் பிள்ளைக்குத்தானே, தாய்க்கு என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

தாய்க்குக் கிடைப்பது நம்பிக்கையான கைகள். பிள்ளையின் நோய், மருந்து, ஒவ்வாமை யாவும் முன்கூட்டியே எழுத்தில் பெறப்படுகின்றன. வைத்தியர்களும் தாதியரும் முகாமிலேயே தங்கியிருக்கிறார்கள். மருந்து நேரத்துக்குக் கொடுக்கப்படுகிறது. இத்தனை நாளும் தனக்கு மட்டுமே தெரிந்த காரியத்தை இன்னொருவர் சரியாகச் செய்வதைக் காணும்போதுதான் ஒரு தாயின் மனம் இளகும். முதல் இரவு அவளுக்கு உறக்கம் வராமல் போகலாம். மறுநாள், வீட்டில் கவனிப்பின்றி இருந்த மற்றப் பிள்ளையோடு ஆறுதலாக உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியும்.

குடும்பம் முழுவதும் சேர்ந்து போகும் முகாம்களும் உண்டு. பிள்ளைகளைத் தொண்டர்கள் விளையாட அழைத்துப் போக, பெற்றோர் ஓரிடத்தில் அமர்ந்து தேநீர் அருந்துவார்கள். அங்கே யாருக்கும் எதையும் விளக்கத் தேவையில்லை. "இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை..." என்று ஒரு தாய் தொடங்கினால் போதும், மற்றவளுக்குப் புரிந்துவிடும். நோயுற்ற பிள்ளையின் சகோதரர்களுக்கென்றே தனி முகாம்கள் நடக்கின்றன. பிள்ளையை இழந்த குடும்பங்களையும் பரெட்ஸ்டவுன் கைவிடுவதில்லை. அவர்களுக்கும் அங்கே இடமுண்டு.

முகாம் நோயைக் குணமாக்குவதில்லை. சில நாட்களில் எல்லோரும் திரும்பவும் வைத்தியசாலைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் தன் பிள்ளை நோயாளியாக மட்டுமல்லாமல், சிரித்துச் சத்தமிடும் பிள்ளையாகவும் இருப்பதைக் கண்ட தாய், சற்றுப் பலத்தோடு திரும்புகிறாள்.

சகோதரிகளே, இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. "கொஞ்சம் ஓய்வெடுங்கள்" என்று சொல்வது சுலபம். பிள்ளையை யாரிடம் விட்டு அவள் ஓய்வெடுப்பாள்? அந்த வீட்டுக்கு அடிக்கடி போங்கள். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எந்த அறிகுறி கண்டால் உடனே வைத்தியரிடம் ஓட வேண்டும் என்பதை அவளிடமே கேட்டு, எழுதிப் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளையும் உங்களோடு பழகட்டும். அதன் பிறகு, "ராத்தா, இரண்டு மணித்தியாலம் நான் இருக்கிறேன், நீங்கள் போய்ப் படுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.

அறிந்தவள் சொன்னால்தான் அந்தத் தாய் கண்ணை மூடுவாள்.