வண்டியை ஓட்டப் போறது யாருங்க?

மக்களே, கொஞ்ச நாளா ஆளைக் காணோமேன்னு தேடியிருப்பீங்க (தேடலைன்னாலும் அப்படியே வச்சுக்குவோம் :-)). ஆபீஸ்ல ஆணி அதிகம்னு நினைச்சா தப்பு. படகு! ஓஹையோவுல ஈரி ஏரிக்கரையில சும்மா நின்னுக்கிட்டிருந்த பழைய கேட்டலினா 27 பாய்மரப் படகை 3,500 டாலருக்கு வாங்கிட்டேன். உப்புத் தண்ணியே படாத படகுன்னு ஒரு ஆசை. ஆனா நான் இருக்கறது ஹூஸ்டன். நடுவுல சுமார் 1,300 மைல்.

யானையை வாங்கிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தவன் கதைதான் மிச்சம்.

இந்தப் படகோட அகலம் 8 அடி 10 அங்குலம். அமெரிக்க நெடுஞ்சாலையில ஸ்பெஷல் பெர்மிட் இல்லாம 8 அடி 6 அங்குலம் வரைக்கும்தான் போகலாம். அந்த நாலு அங்குலத்துக்காக ஓஹையோ, கென்டக்கி, டென்னசி, ஆர்க்கன்சா, டெக்சாஸ்னு அஞ்சு மாநிலத்துக்கும் தனித்தனி பெர்மிட். பெரும்பாலும் பகல்ல மட்டும்தான் ஓட்டணும். பாய்மரத்தைக் கழட்டிக் கட்டணும். மூணு டன் படகை அடிக்கட்டையோட தாங்கற டிரெய்லரும் வேணும்.

நாலு இடத்துல விலை கேட்டேன். மூணு பேர் 4,000-ஐ ஒட்டிச் சொன்னாங்க. நாலாவது ஒரு புரோக்கர், 2,100. பொட்டி தட்டற மூளை எதைப் பிடிச்சுதுன்னு சொல்லணுமா? 400 டாலர் அட்வான்ஸ் கட்டினேன். மூணு வாரம் வண்டி வரலை. "டிரைவர் யாரு?"ன்னு கேட்டா "அது எங்க பிசினஸ் ரகசியம்"னு பதில். மாசக் கடைசிக்குள்ள படகை எடுக்கலைன்னா வாடகைன்னு படகுத்துறைக்காரர் கழுத்தைப் பிடிச்ச நேரம் பார்த்து போன் வருது: "இன்னும் 1,500 போடுங்க, நாளைக்கே ஏத்திடலாம்." முடியாதுன்னேன். அட்வான்ஸ் கோவிந்தா.

படகுத்துறைக்காரரே பாவம் பார்த்து ஒரு டிரைவர் நம்பர் கொடுத்தார். சொந்த வண்டி வச்சிருக்கிற பெரியவர். விவரத்தைச் சொன்னதும் சிரிச்சார். "இந்த லோடை மூணு வாரமா பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். 1,400-னு போட்டிருந்தாங்க. டீசலும் பெர்மிட்டும் போக எனக்கு என்ன மிஞ்சும்?"

நான் தர்றதா ஒத்துக்கிட்டது 2,100. அவர் கண்ணுக்குப் போனது 1,400. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இல்லை? கிளையன்ட் ஒரு ரேட் கொடுப்பான், நடுவுல மூணு கம்பெனி கை வைக்கும், மிச்சம் நமக்கு வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனா இதைச் சொல்லிப் புலம்பாத நம்மாளு உண்டா? அதே நாம, டிரக்காரர்னு வந்தா மட்டும் இருக்கறதுலயே மலிவு எதுன்னு தேடறோம். நம்ம ரேட் உழைப்பு, அவர் ரேட் கொள்ளையா?

"சந்தைன்னா அப்படித்தான்"னு ஒரு நண்பன் சொன்னான். சந்தையில கத்தரிக்காயைப் பார்த்துத்தானேய்யா வாங்கறோம்? இங்க விக்கிறவன் யாருன்னே தெரியாது. வழியில படகு உடைஞ்சா, 1906-ல வந்த கார்மாக் சட்டத்திருத்தப்படி பொறுப்பு வண்டிக்காரர் மேலதான், பொதுவா புரோக்கர் மேல இல்லை. அப்போ வண்டிக்காரர் பேரை மறைக்கறதுன்னா என்ன அர்த்தம்? நஷ்டம் வந்தா நான் யார் சட்டையைப் பிடிக்கணுங்கறதையே மறைக்கறது. டிரைவருக்கு எவ்வளவு போச்சுங்கற கணக்கைப் பார்க்க மத்திய அரசு விதியே நமக்கு உரிமை கொடுக்குது. அந்த உரிமை வேண்டாம்னு பொடி எழுத்துல கையெழுத்து வாங்கிடற ஒப்பந்தமும் உண்டு. நானும் படிக்காம போட்டவன்தான்.

அதனால ஒண்ணு செய்ங்க. பணம் கட்டறதுக்கு முன்னாடி மூணே கேள்வி. ஓட்டப் போறது யாரு? அவரோட டிஓடி நம்பர் என்ன? சரக்கு இன்சூரன்ஸ் தாள் எங்கே? நம்பரைப் போட்டா அவர் லைசென்ஸ், விபத்து விவரம் எல்லாம் அரசாங்கத் தளத்துலயே வந்துடும். இன்சூரன்ஸை மட்டும் நாமதான் கேட்டு வாங்கணும். 2011-லிருந்து பொதுச் சரக்கு வண்டிக்காரங்க அதை மத்திய அரசுகிட்ட தாக்கல் பண்ண வேண்டியதில்லை. இதுக்கு "ரகசியம்"னு பதில் வந்தா போனை வச்சுடுங்க.

பெரியவர் 3,900 கேட்டார், பேரம் பேசாம கொடுத்தேன். மூணாம் நாள் சாயங்காலம் ஒரு கீறல் இல்லாம படகு வந்து நின்னுது. அவர் பேர் எனக்குத் தெரியும், என் பேர் அவருக்குத் தெரியும். கூடக் கொடுத்த காசு அதுக்குத்தான்.

டிஸ்கி: எல்லா புரோக்கரும் திருடன்னு சொல்ல வரலை. காலியாத் திரும்பற வண்டியைக் கண்டுபிடிச்சு, டிரைவர் பேரையும் சொல்லி, தன் கூலி இவ்வளவுன்னு வெளிப்படையா வாங்கறவருக்கு ஒரு கும்பிடு. உள்குத்து மத்தவங்களுக்கு மட்டும்தான். 2,100-ஐப் பார்த்து வாயைப் பிளந்த எனக்கும்.